தெளிவு, பளிச்

அன்று காலை ஆறாம் தொட்டியில் டென்சில் நாடா விட்டுப் பார்க்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

பார்க்காததற்குக் காரணம் இருந்தது. முந்தின இரவு முழுக்கப் புயல். 'ஹெதர்வேல்' எண்ணெய்க் கப்பல். வயிறு நிறைய எண்ணெய் இருக்கும்போது அதன் மேல்தளம் கடலுக்கு மிகவும் தாழ்வாகக் கிடக்கும். ஒவ்வொரு அலையும் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்கிப் போனது. ஐந்து தொட்டிகளின் மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை அடிவரை இறக்கி, குண்டில் தடவிய பசை நிறம் மாறுகிறதா என்று பார்த்தாயிற்று. அடியில் தண்ணீர் இருந்தால் பசை சிவக்கும். எதிலும் சிவக்கவில்லை. ஆறாவது தொட்டி தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருந்தது. அங்கே தண்ணீர் முழங்கால் வரை வந்து போய்க்கொண்டிருந்தது. டென்சிலுக்கு ஐம்பத்து மூன்று வயது, ஒரு முழங்கால் ஏற்கெனவே கெட்டது. நேற்று மாலை அந்தத் தொட்டி சுத்தமாகத்தான் இருந்தது. ஒரே இரவில் எங்கிருந்து தண்ணீர் வந்துவிடப்போகிறது என்று திரும்பி வந்துவிட்டான்.

சரக்கு அதிகாரி கார்வி சாப்பாட்டு அறை வாசலில் நின்று கேட்டார். "எல்லாத் தொட்டியும் பாத்தாச்சா, பம்பு?"

"பாத்தாச்சு சார். தண்ணி ஒண்ணுமில்ல."

அந்தக் கப்பலில் வேலையின் பெயர்தான் ஆளின் பெயர். பம்பு பார்ப்பவன் பம்பு. ட்ரெவாஸ்கிஸ் என்ற அவனுடைய குடும்பப் பெயர் சம்பளக் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருடமாக அவன் போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தான். ஹெதர்வேலில் இருந்த யாரும் படைவீரர் இல்லை. சம்பளத்துக்கு வந்த கப்பலோட்டிகள். போர்க்கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பாமல் கடலிலேயே கிடக்க வேண்டுமானால் இவர்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அதுதான் பிழைப்பு.

அந்த வாரம் பிழைப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாத வேலை வந்திருந்தது. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயிலிருந்து போன ஒரு மீன்பிடிக் கப்பல் ஃபாரோ தீவுகளுக்கு வடக்கே காணாமல் போய் மூன்று நாள் ஆயிற்று. ஏழு பேர். கூரை போட்ட உயிர்காப்பு மிதவை ஒன்று காற்றில் போனதை விமானம் ஒரு தடவை பார்த்தது. மறுபடி பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே போர்க்கப்பல் 'தார்ன்பரி'. அது தேடிக்கொண்டே இருந்ததில் எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நிரப்பிக்கொண்டால் இன்னும் மூன்று நாள் தேடலாம். நிரப்பாவிட்டால் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த ஏழு பேரில் ஒருவன் ரூரி. வடம் இழுக்கும் விஞ்சை ஓட்டும் மர்டோவின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி. மர்டோ அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னான், அதுவும் உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டே. "போன கோடையில என் கொட்டகைக்குக் கூரை போட்டுக் குடுத்தான். ஒரு பக்கம் கோணல்." அதற்கு மேல் பேசவில்லை. லூயிஸ் தீவுக்காரர்கள் அப்படித்தான்.

பத்தரை மணிக்குத்தான் அங்கே ஜனவரியில் வெளிச்சம் என்று ஒன்று வரும். அந்த வெளிச்சத்தில் தார்ன்பரி பின்னாலிருந்து ஏறி வந்து, ஹெதர்வேலின் வலப்பக்கம் நாற்பது மீட்டர் தள்ளி, அதே வேகத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு கப்பலுக்கும் நடுவே ஓடிய தண்ணீர் கால்வாய்த் தண்ணீர் மாதிரி நெருக்கப்பட்டுக் கொதித்தது. துப்பாக்கியால் சுட்ட மெல்லிய நூல் முதலில் போனது. நூலைப் பிடித்துக் கயிறு, கயிற்றைப் பிடித்துக் கம்பிவடம், வடத்தில் தொங்கிக்கொண்டு எண்ணெய்க் குழாய். கூடவே டெலிபோன் கம்பி ஒன்றும் போனது. அதற்கு மின்சாரம் வேண்டாம், பேசுகிற குரலின் அதிர்வே போதும். புயலிலும் கேட்கும். பேசுவதற்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லப்படாத சொல் சொல்லப்படாததற்குச் சமம்.

ஆள் பற்றாக்குறையால் டென்சில்தான் காதில் போனை மாட்டிக்கொண்டு மாதிரி எடுக்கும் குழாயடியில் நின்றான். நாலடி தள்ளி மர்டோ விஞ்சின் கைப்பிடியைப் பிடித்து, வடம் தொய்யாமலும் இழுபடாமலும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹெதர்வேல், இது தார்ன்பரி. கேக்குதா?"

"தார்ன்பரி, இது ஹெதர்வேல். கேக்குது."

"மறுபடியும் நீங்கதானா, கிழவரே? உங்கள இன்னும் வீட்டுக்கு அனுப்பலயா?"

"அனுப்பினாங்க. வீட்டுக்காரி திருப்பி அனுப்பிட்டா."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. அவள் பெயர் நெரிஸ். வேல்ஸ்காரி. இரண்டு வாரத்தில் இது மூன்றாவது தடவை. அவள் முகம் அவனுக்குத் தெரியாது. நாற்பது மீட்டர் தள்ளி ஆரஞ்சு நிறத் தலைக்கவசம், அதன் கீழே குளிரில் சிவந்த ஒரு மூக்கு, அவ்வளவுதான். ஆனால் குரல் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"உங்க ரொட்டி வந்துருச்சு" என்றாள். முதல் பையில் ஹெதர்வேலின் சமையல்காரர் சூடான ரொட்டி போட்டு அனுப்புவது வழக்கம். "எங்க ஆளுங்க அடிச்சுக்கறாங்க. நாலு நாளா பிஸ்கட்தான் இங்க."

"உனக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்க. உங்க ஊர்ல ஆட்டுக்குப் போட்டு மிச்சம் இருந்தாத்தானே மனுசனுக்கு."

"கார்ன்வால்காரர் பேசற பேச்சப் பாரு! உங்க தாத்தாமாருங்க கரையில விளக்கக் காட்டிக் கப்பலக் கவுத்துக் கொள்ளையடிச்சவங்க. உங்க கையில எண்ணெய் வாங்கறோமே, எங்களச் சொல்லணும்."

"அது என் மாமனார் வீட்டுப் பக்கம். நாங்க நல்லவங்க."

பத்து ஐம்பதுக்குக் குழாய் தார்ன்பரியின் வாயில் பொருந்தியது. டென்சில் பம்பை ஓட்டினான். நாலாம் தொட்டியிலிருந்து எண்ணெய் போக ஆரம்பித்தது. ஒரு நிமிடம் போனதும் மாதிரிக் குழாயைத் திறந்து ஜாடியில் பிடித்தான். அரை லிட்டர் பிடிக்கும் கண்ணாடி ஜாடி. பிடித்த எண்ணெயை அசையாமல் வைத்து, குமிழெல்லாம் மேலே போகும் வரை காத்திருந்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். கலங்கல் இருக்கக் கூடாது. அடியில் தண்ணீர்த் துளி உருளக் கூடாது. இரண்டும் இல்லையென்றால் போனில் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: தெளிவு, பளிச்.

"தெளிவு, பளிச்" என்றான்.

"தெளிவு, பளிச். பத்து அம்பத்தி ரெண்டு" என்று நெரிஸ் திருப்பிச் சொன்னாள்.

காத்திருப்பது நாலு நிமிடம் என்று புத்தகத்தில் இருந்தது. நாலு நிமிடம் காத்திருக்கும் பம்புக்காரனை டென்சில் தன் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை. நடுங்கும் கையில், ஆடும் கப்பலில், எந்த ஜாடிதான் அசையாமல் நிற்கும்? எல்லாரும் பிடித்த கையோடு சொல்லிவிட்டுப் பிறகுதான் பார்ப்பார்கள். பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருடமும் சரியாகத்தான் இருந்தது.

பதினொன்று பத்துக்கு நாலாம் தொட்டி தீர்ந்தது. வால்வைத் திருப்பி ஆறாம் தொட்டிக்கு மாற்றினான். தொட்டி மாற்றும்போதும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை இரண்டு கப்பலுக்கும் நடுவில் எழும்பி அவன் மார்பில் அறைந்தது. கையுறைக்குள் ஐஸ் தண்ணீர் புகுந்தது. மர்டோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வடத்தை விட்டுப் பிடித்தான். அலை போன பிறகு மாதிரி நினைவுக்கு வரவில்லை.

பாதி ஏற்றியதும் எடுக்க வேண்டிய மாதிரி நினைவுக்கு வந்தது. பதினொன்று இருபத்தெட்டு. ஜாடியைப் பிடித்தான், விளிம்பு மேடையில் வைத்தான்.

"கிழவரே, பாதி வந்துருச்சு. மாதிரி எப்படி?"

"தெளிவு, பளிச்."

"தெளிவு, பளிச். பதினொன்னு இருபத்தெட்டு."

பிறகு பார்த்தான்.

ஜாடிக்குள் பால் கலந்த மாதிரி இருந்தது. குமிழாக இருக்கும் என்று நின்றான். குமிழ் மேலே போனது, கலங்கல் போகவில்லை. கப்பல் இடப்பக்கம் சாய்ந்தபோது ஜாடியின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்று மெல்ல உருண்டு போனது. வலப்பக்கம் சாய்ந்தபோது திரும்பி வந்தது. கடல் தண்ணீர். கட்டைவிரல் நகம் அளவு.

தளத்தின் தாழ்ந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். ஆறாம் தொட்டியின் காற்றுக் குழாய் அங்கேதான் வளைந்து நின்றது. அதன் மூடிக்குள் ஒரு பந்து உண்டு. அலை வந்தால் பந்து எழும்பி ஓட்டையை அடைக்க வேண்டும். அது துருவேறிக் கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இரவு முழுக்க ஒவ்வொரு அலையும் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறது.

மர்டோ ஜாடியைப் பார்த்துவிட்டான். டென்சில் போனின் வாயைக் கையால் பொத்தினான்.

"எவ்ளோ இருக்கும்?" என்றான் மர்டோ.

"தெரியல."

"அவங்ககிட்ட வடிகட்டி இருக்கு. தண்ணியப் பிரிக்கிற மிசின் இருக்கு. எந்த எண்ணெயில தண்ணி இல்ல, நீயே சொல்லு. எல்லா எண்ணெயிலயும் கொஞ்சம் இருக்கும்."

"இது கொஞ்சம் இல்ல, மர்டோ."

"நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?" மர்டோ வடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான். "நிறுத்தினா அவங்க திரும்பிருவாங்க. அவங்க திரும்பினா அங்க வேற யாரும் இல்ல. சும்மா இரு. அவங்க இஞ்சினியருங்க பாத்துக்குவாங்க. சும்மா இருடா."

டென்சில் சும்மா இருந்தான்.

ரூரிக்காக என்று பிறகு சொல்லியிருக்கலாம். கேட்பவர்களும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் டென்சில் ரூரியை நினைக்கவில்லை. காலையில் கார்வியிடம் சொன்ன 'பாத்தாச்சு சார்' என்ற வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். பார்க்காமல் பார்த்ததாகச் சொன்ன பம்புக்காரனை யாரும் மறு கப்பலில் ஏற்ற மாட்டார்கள். தார்ன்பரியிடம் வடிகட்டி இருக்கிறது, பிரிக்கும் இயந்திரம் இருக்கிறது, அவர்களுக்கென்று ஒரு ஜாடியும் இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். அந்தப் பக்க ஜாடியை ஏன் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். இங்கிருந்து வார்த்தை போய்விட்டது. வார்த்தை போன பிறகு ஜாடியை எவன் பார்ப்பான்?

நெரிஸ் நடுவில் ஏதோ சொன்னாள். ரொட்டியில் அவளுக்கு முனைத்துண்டுதான் கிடைத்ததாம். அவன் "ம்" என்றான்.

"என்ன கிழவரே, தூங்கிட்டீங்களா?"

குழாய் இரண்டு கப்பலுக்கும் நடுவில் துடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே எண்ணெய் போவது வெளியே தெரியும். பாம்பு எலியை விழுங்குவது மாதிரி அடித்து அடித்துப் போகும். ஒவ்வொரு அடியையும் டென்சில் பார்த்தான். தார்ன்பரியின் தளத்தில் ஆறேழு பேர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கப்பலுக்குள் இருநூறு பேருக்குக் குறையாது. அது இங்கிருந்து நேராகப் புயலுக்குள் போகும். புயலில் இயந்திரம் நின்ற கப்பல் அலைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும். அப்புறம் அதைத் தேட எவன் வருவான்?

பதினொன்று நாற்பதுக்கு பம்பை நிறுத்தினான். நிறுத்தச் சொல்லும் சிவப்புத் தட்டை எடுத்துத் தலைக்கு மேலே காட்டினான்.

"தார்ன்பரி, பம்ப நிறுத்திட்டேன். எண்ணெயில தண்ணி."

சிரிப்புக் குரல் போய் வேறொரு குரல் வந்தது. "பம்ப நிறுத்தியாச்சு. எண்ணெயில தண்ணி. எப்பலேர்ந்து?"

"இப்பதான் பாத்தேன்."

"பதினொன்னு நாப்பதுல தண்ணி. அதுக்கு முந்தி, பதினொன்னு இருபத்தெட்டுல தெளிவு, பளிச். சரியா?"

எலும்பில்லாத நாக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

"சரி" என்றான்.

வடத்தைப் பார்த்த மர்டோவின் கண் வடத்திலேயே இருந்தது. கார்வி மேலேயிருந்து ஏணியில் சறுக்கி இறங்கி ஓடி வந்தார். ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் சாம்பலானது. ஆனால் கேட்டது ஒரே கேள்விதான். "எப்போ?"

"நாப்பதுக்கு சார்."

"நல்லவேளை. இருபத்தெட்டு மாதிரிக்கு அப்புறம் பன்னெண்டு நிமிசம்தான் போயிருக்கு" என்றார் கார்வி.

காதில் நெரிஸ் பேசினாள். இந்தத் தடவை உத்தியோகக் குரல் இல்லை. மூச்சு வாங்கினாள். யாரிடமோ கத்திவிட்டு வந்திருக்க வேண்டும். "பரவால்ல கிழவரே, பயப்படாதீங்க. இருபத்தெட்டு வரைக்கும் வந்தது நல்ல எண்ணெய்னு கீழ சொல்லிட்டேன். அது முன் தொட்டியிலயும் நடுத் தொட்டியிலயும் இருக்கு. இருபத்தெட்டுக்கு அப்புறம் வந்தது பின் தொட்டியில. அத மட்டும் பூட்டிடறாங்க. நடுத் தொட்டிய இப்ப இஞ்சினுக்குத் திருப்பறாங்க. காத்து ஏறுறதுக்குள்ள வடக்க போயிடணுமாம்."

டென்சில் கணக்குப் போட்டான். கணக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறாம் தொட்டி திறந்தது பதினொன்று பத்துக்கு. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். தொட்டியின் அடியில் கிடக்கும், உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கும். திறந்த முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர்தான் போயிருக்கும். பத்துக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே போனது அத்தனையும் நடுத் தொட்டியில். அதை நல்ல எண்ணெய் ஆக்கியது அவன் சொன்ன ஒரு வார்த்தை. இப்போது அதை இயந்திரத்துக்குத் திருப்புகிறார்கள்.

பக்கத்தில் கார்வி நின்றார். நாலடியில் மர்டோ. இருவருக்கும் கேட்கும்.

"தார்ன்பரி. திருத்தம்."

திருத்தம் என்ற சொல்லைப் போனில் சொன்னால் எதிர்ப்பக்கம் செய்துகொண்டிருப்பதை எல்லாம் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

"சொல்லுங்க."

"பதினொன்னு இருபத்தெட்டு மாதிரி தெளிவு இல்ல. நான் பாக்காம சொன்னேன். சொல்லிட்டுப் பாத்தேன். தண்ணி இருந்துச்சு."

அவள் திருப்பிச் சொன்னாள். சட்டம் அது. ஒவ்வொரு சொல்லாக, அவன் சொன்னபடியே. "பதினொன்னு இருபத்தெட்டு மாதிரி தெளிவு இல்ல. பம்புக்காரர் பாக்காம சொன்னார். சொல்லிட்டுப் பாத்தார். தண்ணி இருந்துச்சு. சரியா?"

"சரி. பதினொன்னு பத்துக்குத் தொட்டி மாத்தினேன். பத்துலேர்ந்து வந்தது எதுவும் நல்ல எண்ணெய் இல்ல. நடுத் தொட்டியத் திருப்ப வேணாம்னு சொல்லு."

"பதினொன்னு பத்துக்குத் தொட்டி மாத்தினார். பத்துலேர்ந்து வந்தது எதுவும் நல்ல எண்ணெய் இல்ல. நடுத் தொட்டியத் திருப்ப வேணாம். சரியா?"

"சரி."

"இருங்க." அவள் போனை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தியது நாற்பது மீட்டர் தாண்டி நேராகவே கேட்டது. ஆரஞ்சுத் தலைக்கவசம் ஒன்று ஓடியது.

அரை நிமிடம் போயிற்று. திரும்பி வந்தாள். "திருப்பல. வால்வு மேல கை வச்சிருந்தாங்களாம்." பிறகு, "பன்னெண்டு நிமிசம் தெரிஞ்சே விட்டீங்களா?" என்றாள். அது உத்தியோகக் கேள்வி இல்லை. அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் அவள் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

கார்வி மெல்லக் கேட்டார். "காலையில?"

"காலையில ஆறாம் தொட்டியில நாடா விடல சார்."

"பாத்தாச்சுன்னு சொன்னியே, பம்பு."

"சொன்னேன்."

கார்வி ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்குத் திட்டக்கூடத் தெரியாது. "நீ தள்ளிக்க" என்று மட்டும் சொல்லிப் போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

அப்புறம் முடிந்ததைச் செய்தார்கள். குழாயில் கிடந்த எண்ணெயைக் கழிவுத் தொட்டிக்குத் திருப்பி, இரண்டாம் தொட்டியைத் திறந்து, கார்வி தன் கையால் மூன்று தடவை மாதிரி பிடித்துப் பார்த்தார். ஆனால் தார்ன்பரியின் நடுத் தொட்டியும் பின் தொட்டியும் உப்புத் தண்ணீர் கலந்த எண்ணெயால் நிறைந்து கிடந்தன. அதைக் கடலில் கொட்ட முடியாது. வைக்க வேறு இடமும் இல்லை. நல்ல எண்ணெய்க்கு மிச்சமிருந்த இடம் கொஞ்சம். அதற்குள் காற்றும் ஏறிவிட்டது. பன்னிரண்டேகாலுக்கு ஒரு அலை இரண்டு கப்பலையும் இருபது மீட்டருக்கு நெருக்கியது. தார்ன்பரியின் கேப்டன் போதும் என்றார். குழாய் திரும்பி வந்தது, வடம் வந்தது, கடைசியில் டெலிபோன் கம்பி. தார்ன்பரி வேகம் கூட்டி, புகையைக் கக்கிக்கொண்டு வடக்கே திரும்பியது. மூன்று நாளுக்குப் பதில் ஒன்றரை நாளுக்கு எண்ணெய் இருந்தது அதனிடம்.

அந்தக் கடலில் ஜனவரியில் பகல் என்பது ஆறு மணி நேரம். ஒன்றரை நாள் குறைந்தால் ஒன்பது மணி நேர வெளிச்சம் குறையும். இதை டென்சிலுக்கு யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அவனே படுக்கையில் கிடந்து போட்டான்.

சாப்பாட்டு அறையில் யாரும் அவனை ஒதுக்கவில்லை. உப்பைக் கேட்டால் உப்பை நகர்த்தினார்கள். சமையல்காரர் வழக்கம்போல் அவனுக்கு மட்டும் தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை அதிகம் போட்டார். கேப்டன் கூப்பிட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் ஒரு தடவை சொன்னான். அவர் எழுதிக்கொண்டார். கரையில் விசாரணை இருக்கும் என்றார். "நீயாவே ஒத்துக்கிட்டதையும் எழுதியிருக்கேன், ட்ரெவாஸ்கிஸ்" என்றார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவனைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மர்டோ மட்டும் பேசவில்லை. ஒரே அறையில் மேலும் கீழுமாகப் படுத்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் கப்பல் ஸ்காட்லாந்துக் கரையோரம் ஓர் எண்ணெய்த் துறையில் கட்டிக் கிடந்தது. ஆறாம் தொட்டியைக் காலி செய்து, இரண்டு நாள் காற்று ஊதி, உள்ளே மனிதன் மூச்சுவிடலாம் என்று கருவி சொன்ன பிறகு ஒருவன் இறங்கி அடியில் கிடப்பதைத் துடைக்க வேண்டும். விசாரணைக்காரர்கள் திங்கட்கிழமைதான் வருவார்கள். அதுவரை பம்புக்காரன் பம்புக்காரன்தான். டென்சில் இறங்கினான். ஒருவன் உள்ளே இருந்தால் ஒருவன் மேலே வாய்த் துவாரத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த முறைக்கு வந்தவன் மர்டோ.

உள்ளே தேவாலயத்தின் உயரம் இருந்தது. மூச்சுவிட்டால் சுவர் திருப்பிச் சொன்னது. அடித்தகட்டின் மூலைகளில் தண்ணீர் தேங்கி, அதன் மேல் எண்ணெய் வானவில் கட்டியிருந்தது. டென்சில் முட்டி போட முடியாமல் ஒரு பக்கமாக உட்கார்ந்து, கோரியால் கோரி வாளியில் ஊற்றினான். வாளி நிறைந்ததும் கயிற்றை ஆட்டினான். மர்டோ இழுத்தான். வெறும் வாளி இறங்கி வந்தது. முப்பத்தோரு வாளி அப்படிப் போனது.

முப்பத்திரண்டாவது வாளி இறங்கவில்லை. மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சத்தில் மர்டோவின் தலை கறுப்பாக வந்து நின்றது.

"தேடுறத நிறுத்திட்டாங்க."

"எப்ப?"

"நேத்து மத்தியானம். இன்னைக்குத்தான் வீட்லேர்ந்து சொன்னாங்க." சத்தம் சுவரில் பட்டுப் பட்டு இறங்கியது. "ஒண்ணும் கெடைக்கல. மிதவையும் கெடைக்கல. தார்ன்பரி எண்ணெய் தீர்ந்து திரும்பினப்புறம் வேற கப்பல் ஒண்ணு வந்துச்சாம். அது வர்றதுக்குள்ள காத்து எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

டென்சில் மேலே பார்த்தபடி நின்றான்.

"டென்சில்" என்றான் மர்டோ. பம்பு என்று கூப்பிடவில்லை. "நீ சொல்லாம விட்டிருந்தா அவங்க இஞ்சின் நின்னிருக்கும். இல்ல?"

டென்சில் யோசித்தான். தார்ன்பரியின் வடிகட்டிகள் புதியவையா பழையவையா என்று அவனுக்குத் தெரியாது. நடுத் தொட்டியில் எத்தனை தண்ணீர் சேர்ந்தது என்று தெரியாது. அந்த எண்ணெயைக் கரையில் சோதித்துப் பார்த்தவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியாது, மர்டோ."

"நின்னிருக்கும்னு சொல்லுடா."

மேலே அந்தத் தலை அசையவில்லை. காத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைதான். சொல்லிவிடலாம். சொன்னால் மர்டோ வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் சொல்வான், அவள் ரூரியின் அம்மாவான தன் சித்தியிடம் சொல்வாள், தேடல் குறைந்தது இருநூறு பேரைக் காப்பாற்றத்தான் என்று அந்தத் தீவில் நாலு வீட்டிலாவது கொஞ்சம் தூங்குவார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றான் டென்சில்.

மர்டோவின் தலை போய்விட்டது. வெறும் வெளிச்சம் மட்டும் இருந்தது. டென்சில் ஈரத் தகட்டில் உட்கார்ந்து கோரியை மடியில் வைத்துக்கொண்டான். விதிப்படி மேலே ஆள் இல்லாவிட்டால் உள்ளே இருப்பவன் ஏறி வந்துவிட வேண்டும். அவன் ஏறவில்லை.

கொஞ்ச நேரத்தில் கயிறு சுவரில் உரசும் சத்தம் கேட்டது. வாளி இறங்கி வந்தது.